டிவிப் பெட்டியில் தொங்கிய அப்பாவின் காது

எங்கள் அப்பா கண்மூடி ஓராண்டு நிறைகிற இந்நாளில் இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் மூத்த மகளாகிய என் வணக்கம். அப்பாவைப் பற்றி நாலு நல்ல வார்த்தை எழுதிக்கொடு அக்கா என்று தம்பி கேட்டான். எழுதுகிறேன். கூடவே சில கெட்ட வார்த்தைகளும் வரும். அவை அப்பாவைப் பற்றியவை அல்ல.

மலரை மலையாளத்தில் அச்சடித்துவிடலாம், நம் பிள்ளைகளில் பாதிப் பேருக்குத் தமிழை எழுத்துக்கூட்டி வாசிக்கத்தான் தெரியும் என்றும் தம்பி சொன்னான். அவன் சொன்னது வாஸ்தவம். ஆனால் நான் யார் வாசிக்கவேண்டும் என்று எழுதுகிறேனோ அவர்களுக்கெல்லாம் தமிழ் நன்றாகவே வாசிக்க வரும். அதனால் தமிழிலேயே எழுதுகிறேன்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து பந்தி நடந்துகொண்டிருந்தது. நான் சாம்பார் வாளியோடு வரிசையில் வந்துகொண்டிருந்தேன். அப்பாவின் ஒரே தம்பியான எங்கள் எறணாகுளம் சித்தப்பா இலைக்கு முன்னால் உட்கார்ந்து, பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார்: "அண்ணனுக்குக் காது கேக்காதுன்னு யாரு சொன்னா? வேணுங்கறது மட்டும் நல்லாக் கேக்கும்." அந்த வரிசை முழுக்கச் சிரித்தது. பப்படம் கடித்துக்கொண்டே சிரித்தீர்கள். யார் யார் சிரித்தீர்கள் என்று எனக்குத் தெரியும். பந்தியில் உட்கார்ந்தவர்களிடம் சண்டை போடக் கூடாது என்று எங்களை வளர்த்தவர் அப்பா, அதனால் உங்கள் இலையில் சாம்பாரை ஊற்றிவிட்டு அடுத்த இலைக்குப் போனேன். எழுதக் கூடாது என்று அவர் எங்களிடம் சொன்னதில்லை.

அப்பா பிறந்தது கொச்சி மட்டாஞ்சேரியில் உள்ள கொச்சங்காடியில், சுக்கு மூட்டைகள் அடுக்கிய பண்டகசாலைக்குப் பின்னால் இருந்த ஒரு வரிசை வீட்டில். சிறு வயதிலேயே தகப்பனாரை இழந்தவர். படிப்பைப் பாதியில் விட்டு, தம்பியைப் படிக்கவைத்தார். அந்தத் தம்பி யாரென்று தனியாகச் சொல்லவேண்டியதில்லை. பதினேழு பதினெட்டு வயதில் வெலிங்டன் தீவில் கப்பல் பழுதுபார்க்கும் ஒரு பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தார். கப்பலின் வயிற்றுக்குள் இறங்கி இரும்புச் சுவரில் ஏறிய துருவைச் சுத்தியால் தட்டி எடுக்கும் வேலை. நாலு பக்கமும் இரும்பு, உள்ளே பத்துப் பேர் தட்டுகிறார்கள் என்றால் அந்தச் சத்தம் எப்படி இருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். காதுக்குப் பஞ்சு வைக்கவேண்டும் என்று அன்று யாரும் சொல்லவில்லை. அம்மாவைக் கல்யாணம் செய்துகொண்டு பாலக்காட்டுச் சித்தூரிலிருந்து கூட்டிவந்தபோது அப்பாவுக்கு அரைக் காதுதான் இருந்ததாம். நான் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியபோது அந்த அரையும் பாதியாகிவிட்டது.

நம் ஊரில் 'பொட்டன்' என்று ஒரு வார்த்தை இருக்கிறது. காது கேட்காதவனுக்கும் அதே வார்த்தை, புத்தி இல்லாதவனுக்கும் அதே வார்த்தை. படகுத்துறையில், சந்தையில், ஏன், சில கல்யாண வீடுகளில்கூட அப்பாவை அப்படிச் சொல்வதை நாங்கள் கேட்டு வளர்ந்தோம். அப்பாவுக்கு அது கேட்கவில்லை என்று சொன்னவர்கள் நினைத்துக்கொண்டார்கள். வாய் அசைவைப் பார்த்தே அவருக்கு அது தெரியும்.

அப்பாவுக்கு ஒரு பழக்கம் இருந்தது. தன்னைப் பார்த்து யார் உதடு அசைந்தாலும் தலையாட்டுவார். பட்டறையில் மேஸ்திரிக்குத் தலையாட்டி, படகில் டிக்கெட் தருபவருக்குத் தலையாட்டி, வீட்டில் எங்களுக்குத் தலையாட்டி வந்த பழக்கம். அந்தத் தலையாட்டலுக்குச் 'சரி' என்று அர்த்தமே கிடையாது. 'நீங்கள் பேசுவது எனக்குத் தெரிகிறது, உங்களுக்கு மரியாதை' என்றுதான் அர்த்தம். உண்மையிலேயே சரி என்றால் வாயால் 'ஆகட்டும்' என்பார். எங்கள் வீட்டுப் பூனைக்குக்கூட இது தெரியும். கூடப் பிறந்து ஒரே பாயில் படுத்தவருக்குத் தெரியாது என்றால் நான் நம்பத் தயாராக இல்லை.

காது மெஷின் வந்தது நான் ஆசிரியைப் பயிற்சி முடித்த சமயத்தில். எறணாகுளத்தில் டாக்டர் எழுதிக்கொடுத்தது. சட்டைப்பையில் மாட்டிக்கொள்ளும் சின்னப் பெட்டி, அதிலிருந்து காதுக்கு ஒரு ஒயர். மெஷின் வைத்தால் கண்ணாடி போட்டதுபோல எல்லாம் தெளிவாகிவிடும் என்று நாம் நினைக்கிறோம். அது எல்லாவற்றையும் ஒன்றாகப் பெரிதாக்கும். பேச்சும் பெரிதாகும், மின்விசிறியும் பெரிதாகும், பாத்திரம் வைப்பதும் பெரிதாகும். சட்டைத் துணி பெட்டியில் உரசினால் காதுக்குள் உப்புத்தாள் தேய்ப்பதுபோல இருக்கிறது என்றார். அதனால் அம்மா அவர் சட்டைகளுக்குக் கஞ்சி போடுவதை நிறுத்தினாள். பெட்டி காதுக்கு நெருங்கினால் வீலென்று சீட்டியும் அடிக்கும். போதாக்குறைக்கு, மெஷின் வைத்த மனிதரிடம் கத்திப் பேசும் புத்திசாலிகள் வேறு. அவர் முகம் சுளித்தால், பார்த்தாயா கேட்கிறது என்பார்கள்.

பிறகு மட்டாஞ்சேரிக்கு டிவி வந்தது. தம்பி வாங்கிவந்த கறுப்பு வெள்ளைப் பெட்டி, எங்கள் தெருவில் அதுதான் முதல். கடல் காற்றில் ஆன்டெனா திரும்பிக்கொண்டே இருக்கும். அப்பாதான் ஓட்டின் மேல் ஏறித் திருப்புவார். படம் வந்துவிட்டது என்று கீழிருந்து கத்தினால் அவருக்குக் கேட்காது, அதனால் எதிர்வீட்டுச் சேச்சி முற்றத்தில் நின்று சிவப்புத் துண்டை வீசிக் காட்டுவார். இத்தனை பாடுபட்டுப் படத்தை வரவழைத்துவிட்டு அப்பா கீழே இறங்கி வந்தால், முன்வரிசை முழுக்க விருந்தாளிகள். அப்பாவுக்கு இடம் கடைசியில், சுவரோரம். அவருக்குத்தான் கேட்காதே, முன்னால் உட்கார்ந்து என்ன செய்யப்போகிறார் என்று சொன்னவர்களும் இந்த மலரை வாங்கியிருக்கிறார்கள்.

சத்தத்தை முழுக்கத் திருப்பிவைத்தாலும் அப்பாவுக்குப் பயனில்லை. டிவியிலிருந்து அவர் சட்டைப்பைக்கு வந்து சேர்வதற்குள் நடுவில் மின்விசிறி, பிள்ளைகள், பப்படம் கடிக்கிற சத்தம் எல்லாம் கலந்துவிடும். சில நாள் இதைப் பொறுத்துக்கொண்டவர் ஒரு நாள் யோசித்தார். காதுக்கு டிவியின் சத்தம் வரவில்லை என்றால், காதை டிவியிடம் கொண்டுபோய் வைத்தால் என்ன? கொச்சங்காடியில் ரேடியோ கடை வைத்திருந்த சேட்டனிடம் போய், மெஷின் பெட்டிக்கும் காதுக்கும் நடுவில் உள்ள ஒயரை, அறையின் நீளத்துக்கு நீட்டிப் பற்றவைத்து வாங்கிவந்தார். அம்மா ரவிக்கைத் துணியில் ஒரு சுருக்குப்பை தைத்தாள். பெட்டியைப் பையில் போட்டு டிவியின் ஸ்பீக்கருக்கு நேரே தொங்கவிட்டு, ஒயரின் மறுநுனியைக் காதில் வைத்துக்கொண்டு, அப்பா தன் சாய்வு நாற்காலியில் போய் உட்கார்ந்தார்.

அந்த முகத்தை நீங்கள் யாரும் பார்க்கவில்லை, நான் பார்த்தேன். அறையில் இருந்த எந்தச் சத்தமும் அவருக்கு இல்லை. உரசல் இல்லை, சீட்டி இல்லை, மின்விசிறி இல்லை. டிவி மட்டும். டிவியின் சத்தத்தை நாங்கள் குறைத்தே வைத்தோம், வாசலில் நிற்பவருக்குக்கூடக் கேட்காது. ஆனால் தமாஷ் வந்தால் அறையில் முதலில் சிரிப்பவர் அப்பாதான். எல்லாவற்றையும்விட அவருக்குப் பிடித்தது திருவனந்தபுரத்துச் செய்தி. அதை வாசிக்கிற பெண்மணி நேராக முகத்தைப் பார்த்து, அவசரப்படாமல், பாதியில் திரும்பிக்கொள்ளாமல் பேசுவார். நம் வீட்டில் யாரும் அப்பாவிடம் அப்படிப் பேசியதில்லை. செய்தி முடிந்து அந்தப் பெண்மணி நமஸ்காரம் என்று கைகூப்பினால் அப்பாவும் நாற்காலியில் இருந்தபடியே கைகூப்புவார். நாங்கள் கேலி செய்வோம். அவ்வளவு மரியாதையாப் பேசுறாங்க, திருப்பிச் சொல்ல வேண்டாமா என்பார்.

இதில் ஒரே ஒரு சங்கடம். காது டிவியிடம் இருக்கும்போது பக்கத்தில் இருந்து யார் பேசினாலும் அப்பாவுக்கு ஒரு எழுத்துக்கூடக் கேட்காது. எங்களுக்கு ஏதாவது வேண்டுமென்றால் அவர் எதிரில் போய் நிற்போம். அவர் எழுந்து, பையிலிருந்து பெட்டியை எடுத்துச் சட்டைப்பையில் மாட்டிக்கொண்டு, சொல்லு என்பார்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை படம் ஓடிக்கொண்டிருந்தது. வீடு நிறையக் கூட்டம். அம்மாவும் நானும் அடுக்களையில் சாயா போட்டுக்கொண்டிருந்தோம். சித்தப்பா வந்தார். எங்களிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. நேராகப் போய் அப்பாவின் நாற்காலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அவர் தோளைத் தொட்டு என்னவோ சொன்னார். நான் சாயாத் தட்டோடு வந்தபோது பார்த்தேன், சித்தப்பாவின் வாய் அசைகிறது, அப்பா திரும்பிப் பார்த்துப் புன்னகையோடு தலையாட்டுகிறார், மறுபடி படத்துக்குத் திரும்புகிறார். பை டிவியில் தொங்கிக்கொண்டிருந்தது. ஒயர் அறையின் குறுக்கே, எல்லோரும் தாண்டித் தாண்டிப் போகும்படி கிடந்தது. அது கண்ணில் படாமல் இருக்க முடியாது. சித்தப்பா சாயாவைக் குடித்துவிட்டுச் சந்தோஷமாகக் கிளம்பிப் போனார்.

அடுத்த வாரம் சித்தூர்ப் பக்கத்திலிருந்து ஒரு கூட்டம் வெற்றிலை பாக்கு, பூ, பழத் தட்டுகளோடு எங்கள் வாசலில் வந்து நின்றது. முன்னால் சித்தப்பா. பெண்ணை உறுதி செய்ய வந்திருக்கிறார்களாம். பெண் நான். மாப்பிள்ளை யாரென்று எனக்குத் தெரியாது, அம்மாவுக்குத் தெரியாது. நான் பள்ளிக்கூட வேலையை விட்டுவிடுவேன் என்றும் அவர்களுக்குச் சொல்லியாகிவிட்டது. அப்பா லுங்கியும் பனியனுமாகச் செய்தி பார்த்துக்கொண்டிருந்தார். கூப்பிட்டார்கள், திரும்பவில்லை. அம்மா போய் முன்னால் நின்றாள். அப்பா எழுந்து, தட்டுகளைப் பார்த்துத் திகைத்து, அவசரமாகச் சட்டையை மாட்டி, பெட்டியை எடுத்துச் சட்டைப்பையில் வைத்தார். அவசரத்தில் அது சீட்டியடித்தது. வந்தவர்களில் ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

என்ன விசேஷம் என்று அப்பா கேட்டார்.

"என்ன அண்ணே, ஒண்ணும் தெரியாத மாதிரி கேக்கறீங்க? போன ஞாயித்துக்கிழமை இதே இடத்துல உக்காந்து சொன்னேன். தலையாட்டினீங்களே" என்றார் சித்தப்பா.

"நீ சொன்னது எனக்குக் கேக்கலடா. காது அங்க இருந்தது" என்று அப்பா டிவியைக் கைகாட்டினார்.

அவர் சொன்னது அப்பட்டமான உண்மை. ஆனால் வந்தவர்கள், தங்களைக் கேலி செய்கிறார் என்று எடுத்துக்கொண்டார்கள். அவர்களில் பெரியவர் ஒருவர், "வாசல்ல நிக்கற எனக்கே அந்த நியூஸ் கேக்கல, இவருக்குக் கேக்குது. இதென்ன செவிடோ, எனக்கு மனசிலாகல" என்றார். சித்தப்பா அப்போதாவது, ஐயா, அந்த மெஷின் அப்படித்தான், தப்பு என்மேல் என்று சொல்லியிருக்கலாம். கொடுத்த வாக்கை அண்ணன் மாற்றிவிட்டார் என்கிற முகத்தோடு நின்றார்.

அப்பா என் பக்கம் திரும்பி, என் வாயைப் பார்த்துக்கொண்டே கேட்டார்: "உனக்கு இஷ்டமா?"

"இல்லப்பா" என்றேன்.

"அவளுக்கு இஷ்டமில்ல. அது எனக்கு நல்லாக் கேட்டுது" என்றார். வந்தவர்களுக்குச் சாயா கொடுத்து அனுப்பச் சொன்னார். அவர்கள் குடிக்கவில்லை.

எனக்கு அதற்குப் பிறகும் கல்யாணம் ஆகவில்லையே என்று இந்த இடத்தில் யாரும் உச்சுக்கொட்ட வேண்டாம். என் பேச்சை விடுங்கள். அன்று முதல் அப்பாவுக்கு வைத்த பெயர்தான் என் பேச்சு. வேண்டியது மட்டும் கேட்கும். செவிடு மாதிரி நடிப்பவர். தலையாட்டிவிட்டு இல்லை என்பவர். வாழ்நாளில் யாரிடமும் சொன்ன சொல் தவறாதவரைப் பற்றி இப்படிப் பேசினீர்கள். சித்தப்பா வீட்டார் எங்கள் வாசல்படி ஏறுவதை நிறுத்தினார்கள். அதற்குக் காரணம் கேட்ட ஊருக்கெல்லாம் இந்தக் கதையைத்தான் சொன்னார்கள்.

அப்பாவுக்கு இது தெரியாது என்றுதான் நாங்களும் நினைத்திருந்தோம். எறணாகுளத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தோம். மேளம் நின்ற நேரம். பின்வரிசையில் ஒருவர், வேண்டியது மட்டும் கேட்கும் என்கிற அந்த வாக்கியத்தைச் சொல்ல, இன்னொருவர் சிரித்தார். அப்பாவின் பெட்டி சட்டைப்பையில் இருந்தது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. ஊருக்குத் திரும்பும் படகில், எஞ்சின் இரைச்சலுக்காக எப்போதும்போலப் பெட்டியை அணைத்தார். அணைத்தபிறகு என்னைப் பார்த்து, "நான் அப்படியாம்மா?" என்று கேட்டார். நான் இல்லை இல்லை என்று தலையை அசைத்தேன். அவர் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் அந்த நீள ஒயரைச் சுற்றி, ஆணி திருகாணி போட்டுவைக்கும் டப்பாவில் போட்டு மூடினார். பழைய குட்டை ஒயரை எடுத்து மாட்டிக்கொண்டார். அதற்குப் பிறகு டிவி பார்த்ததெல்லாம் பெட்டியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டுதான். மின்விசிறியை அணைத்துவிட்டு, வியர்த்துக்கொண்டு, காதைக் கையால் மூடி மூடித் திறந்து பார்ப்பார். ஒன்றும் புரியாது. முதலில் என்ன சொன்னான் என்று எங்களைக் கேட்டார், பிறகு அதையும் விட்டுவிட்டார். இரண்டு நிமிஷத்துக்கு ஒரு தரம் வாசலைத் திரும்பிப் பார்ப்பார். அந்த ஒயரை மாட்டுங்களேன், யார் என்ன சொன்னால் நமக்கென்ன என்று அம்மா சண்டையே போட்டாள். ஒவ்வொரு தடவையும் ஒரே பதில்தான்: "யாராவது வந்தா?"

யார் வந்தீர்கள்? சொல்லுங்கள், யார் வந்தீர்கள்? ஒருவரும் வரவில்லை. வராத உங்களுக்காக, வந்து கூப்பிட்டால் கேட்கவேண்டுமே என்று, அந்த மனிதர் தனக்கு இருந்த ஒரே சுகத்தை டப்பாவில் போட்டு மூடிவிட்டு வருஷக்கணக்கில் வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். காது கேட்காததைக்கூட உங்களிடம் நிரூபிக்கவேண்டியிருந்ததே அவருக்கு.

கடைசி மாதங்களில் நெஞ்சில் நோய் வந்து அப்பா படுத்தபடுக்கையானார். கட்டிலை டிவி இருக்கும் அறையிலேயே போட்டோம். ஒரு நாள் சாயங்காலம் அவரைக் கேட்காமல் நான் டப்பாவைத் திறந்து நீள ஒயரை எடுத்தேன். அம்மாவின் சுருக்குப்பை அதனடியில் அப்படியே இருந்தது. பெட்டியை மாட்டித் தொங்கவிட்டேன். அப்பா கையை உயர்த்தி, யாராவது வந்தா என்றார். நான் அவர் முகத்துக்கு நேரே குனிந்து, "வந்தா நான் பாத்துக்கறேன்பா" என்றேன். "ஆகட்டும்" என்றார். வாயால் சொன்னார். காதில் வைத்ததும் கண்ணை மூடி ஒரு பெருமூச்சு விட்டார். அன்று முதல் கடைசி நாளுக்கு முந்தைய நாள் வரை அந்தச் செய்தியைத் தவறவிடவில்லை. கையைத் தூக்க முடியாமல் போன பிறகும், அந்தப் பெண்மணி நமஸ்காரம் சொன்னதும் போர்வைக்குமேல் இரண்டு கைகளும் ஒன்றையொன்று தேடி நகரும். நான் சேர்த்துவைப்பேன்.

நன்றி சொல்லவேண்டியவர்களுக்குச் சொல்கிறேன். ஒயரைப் பற்றவைத்துத் தந்ததோடு, அது அறுந்தபோதெல்லாம் வீட்டுக்கே வந்து சரிசெய்த கொச்சங்காடி ரேடியோ கடைச் சேட்டனுக்கு. சிவப்புத் துண்டு வீசிய, அப்பாவிடம் எதைச் சொல்வதானாலும் எதிரில் வந்து நின்று சொன்ன எதிர்வீட்டுச் சேச்சிக்கு. பட்டறையில் அப்பாவோடு துரு தட்டித் தாங்களும் காதை இழந்த, வைப்பின் தீவிலிருந்து படகேறி வந்து அவரைத் தோள் கொடுத்துத் தூக்கிய நண்பர்களுக்கு. கடைசி நாளில் ஆஸ்பத்திரியில் மெஷினைக் கழற்றிவைக்கச் சொல்லாத நர்ஸம்மாவுக்கு. இந்தக் கட்டுரையை வாசித்துவிட்டுத் தலையில் கைவைத்தாலும், அக்கா எழுதினது அப்படியே இருக்கட்டும் என்று அச்சுக்குக் கொடுத்த தம்பிக்கு. எங்கள் அம்மாவுக்கு நன்றி சொல்லிக் கட்டுப்படியாகாது.

சித்தப்பாவுக்கு இம்மலரை வேறு யார் கையிலும் கொடுத்தனுப்பப் போவதில்லை. நானே எடுத்துவருகிறேன். நீங்கள் டிவி பார்க்கிற நேரத்தில் வரமாட்டேன். உங்களுக்கு எதிரில் உட்கார்ந்து, உங்கள் முகத்தைப் பார்த்து, அவசரமில்லாமல் முதல் வரியிலிருந்து வாசிக்கிறேன். தலையாட்ட வேண்டாம் சித்தப்பா. கேட்டது என்று வாயால் சொல்லுங்கள்.